பிளவுஸில் ஏறிய மீன் வாடை

வைகாசி முகூர்த்தம் நெருங்கிய நேரம். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் அக்கா கொடுத்த பட்டு பிளவுஸ் ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. அளவு சரி, தையலும் சரி. வாங்கிப் போனவர் அதைத் தன் மகளிடம் கொடுத்தனுப்பி, "கொஞ்ச நேரம் காத்துல போட்டுக் குடுப்பீங்களாம்" என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கவுச்சி.

"தம்பி, நான் கை கழுவாம மெஷின்ல உக்காந்ததே இல்ல. சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே வெடிச்சுப் போச்சு. அப்பறமும் இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார் அக்கா. பள்ளியில் வேதியியல் எடுக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். அவருடைய கை, மெஷின், சமையல்கட்டு மூன்றையும் சில வாரங்கள் கூட இருந்து பார்த்ததில் தெரிந்ததை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார், விட்டிருக்கிறேன்.

கையில் என்னென்ன படுகிறது

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் சின்னதாக மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மீன் குழம்புதான் அங்கே விசேஷம். காலையில் மீன் ஆய்வது, பூண்டு உரிப்பது, மசாலா அரைப்பது எல்லாம் அக்கா கை வேலை. பாத்திரங்கள் கடைக்குப் போனதும் குளித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் மெஷினில் உட்காருவார்.

இது பல வருட வழக்கம். புகார் மட்டும் புதிது. ஏன் இப்போது என்று கேட்டால் காலண்டரே பாதி பதில் சொல்லிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், ஆனால் சாப்பாட்டுக் கடைக்குக் கட்டுப்படியாகாத விலை. அதனால் வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனைத்தான் வாங்குகிறார்கள். பிடித்துப் பல நாள் ஆன மீன். அதே மாதங்களில்தான் கல்யாண சீசன், பட்டு பிளவுஸ் ஆர்டர் குவிகிறது. அதே மாதங்களில்தான் கத்திரி வெயில், கையெல்லாம் வியர்வை. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கின்றன.

வாடையைப் போக்க அவர் ஏற்கெனவே செய்து பார்த்தவற்றைக் கேட்டால் ஒரு கடையே வைக்கலாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, எலுமிச்சை, சமையல் சோடா, காபித்தூள், எவர்சில்வர் கரண்டியைத் தண்ணீருக்கு அடியில் பிடித்துத் தேய்ப்பது, கடைசியாகப் பாத்ரூமுக்கு வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அதில் கையை முக்குவது. ஒரு நாள் ப்ளீச்சிங் தண்ணீரில் கையை வைத்துவிட்டு, அதன் மேலேயே எலுமிச்சையும் பிழிந்திருக்கிறார். "கண்ணு எரிஞ்சுது தம்பி, தொண்டை கமறிப் போச்சு" என்றார். கமறாமல் என்ன செய்யும்? ப்ளீச்சிங்கில் அமிலம் பட்டால் வெளியே வருவது குளோரின் வாயு. கையளவு தண்ணீரில் என்பதால் இருமலோடு போனது. மூடிய குளியலறையில் ஒரு பக்கெட் அளவுக்கு நடந்திருந்தால் ஆஸ்பத்திரிதான். பாத்ரூம் ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒன்றாக ஊற்றித் தேய்க்கும் வீடுகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கைகளைப் பார்த்தேன். இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் வறண்டு வெடித்திருந்தன. வலது கையில் அந்த அளவுக்கு இல்லை. பூண்டைப் பிடிப்பது இடது கை, கத்தி வலது கையில். பச்சைப் பூண்டு ஒவ்வாமல் போகிறவர்களுக்கு வெடிப்பு வருவது இந்த மூன்று விரல் நுனிகளில்தான். புறங்கையில் பழுப்பு நிறத்தில் ஒழுகியது போலச் சில கோடுகள். அடுப்புச் சூடு பட்டது என்று அவர் நினைத்திருந்தார். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போதே வெயில் பட்டால் இப்படித் தழும்பு விழும். பழத்தின் சாற்றிலும் பழத்தோலிலும் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து செய்கிற வேலை. கையில் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போயிருக்கிறார். இரண்டையும் தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். மருத்துவரும் அதே காரணங்களைத்தான் சொன்னார், பச்சைப் பூண்டை வெறுங்கையால் தொட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

இன்னொன்றையும் விசாரித்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. சிலருக்கு உடம்பிலிருந்தே மீன் வாடை வரும். டிரைமெத்திலமின்யூரியா என்று பெயர். எஃப்எம்ஓ3 என்ற நொதி சரியாக வேலை செய்யாததால், சாப்பாட்டிலிருந்து குடலில் உண்டாகும் டிரைமெத்திலமின் என்ற மீன் வாடைப் பொருள் மாறாமல் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறும். அப்படி இருந்தால் கையைக் கழுவிப் பயனில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது இல்லை. ஊருக்குப் போய் மீனைத் தொடாமல் இருந்த நாட்களில் எந்த வாடையும் இல்லை என்று அவரும் சொன்னார், அவர் தங்கையும் சொன்னார்.

யார் மூக்கால் முகர்வது

அக்காவிடமே கேட்டால் பதில் கிடைக்காது. ஒரே வாடையில் அரை மணி நேரம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அந்த வீட்டில் எல்லோர் மூக்கும் மீனுக்குப் பழகிய மூக்கு. அதனால்தான் வாடிக்கையாளர் சொல்லும் வரை யாருக்கும் தெரியவில்லை.

அக்காவின் மகள் காலேஜ் விட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் திண்ணையிலேயே உட்கார வைத்தோம். அவள் மூக்குதான் எங்கள் கருவி. புகார் துணியைப் பற்றி என்பதால் சோதனையும் துணியிலேயே. வெட்டி மிச்சமான லைனிங் துணித் துண்டுகளை அக்கா கையில் வைத்துக் கசக்கி, மூடி போட்ட கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, அடியில் அடையாளம் எழுதி ஒட்டினோம். எது எந்த பாட்டில் என்று அவளுக்குத் தெரியாது. சும்மா தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துண்டு ஒன்றும் நடுவில் இருக்கும். அதையும் "நாத்தம்" என்று சொன்னால் அன்றைய சோதனையைத் தள்ளிவிடுவோம்.

அப்புறம் வேலைகளைப் பிரித்தோம். ஒரு நாள் மீன் மட்டும். பூண்டை மாமியார் உரித்தார். ஒரு நாள் பூண்டு மட்டும். ஒரு நாள் சமையல்கட்டுப் பக்கமே போகாமல் மெஷின் மட்டும். மெஷின் நாளை நான் ஒரு ஒப்புக்குத்தான் வைத்தேன். அன்றைய பாட்டிலைத் திறந்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "இதுலயும் இருக்கு. ஆனா இது மீன் இல்ல. பஸ் கம்பியைப் பிடிச்சா கையில வருமே, அது."

ஆக, அக்கா ஒரே வாடை என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தது மூன்று வாடை. ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு மருந்தில்லை, சில சமயம் தீனி.

மீன்: சோப்புப் போட்டதும் ஏன் கூடுகிறது

கடல் மீனின் சதையில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமினாக மாற்றும்போதுதான் கவுச்சி தொடங்கும். ஐஸ் அந்த வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. தடைக்காலத்து மீன் கையில் அதிகம் ஒட்டியதற்குக் காரணம் இதுதான். குளத்து மீன், அணை மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு. கட்லா ஆய்ந்த நாளில் கையில் சேற்று வாடை வந்தாலும் இந்தக் கவுச்சி வராததும் அதனால்தான்.

டிரைமெத்திலமின் ஒரு காரம். 3 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள். நம் மூக்கு அதைக் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அமிலம் பட்டால் அது உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, அதனால் வாடையும் இல்லை. தண்ணீரில் கரைந்து போய்விடும். காரம் பட்டால் எதிர்ப்பக்கமாக நடக்கும். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9.8 அளவில் அது பாதிக்குப் பாதி ஆவியாகத் தயாராக நிற்கும். பிஎச் 5 அளவில், அதாவது நம் தோலின் இயல்பான அமிலத்தன்மையில், கிட்டத்தட்ட 60,000-க்கு ஒரு பங்குதான் அப்படி நிற்கும்.

கட்டி சோப்பின் பிஎச் 9-க்கும் 10-க்கும் நடுவில். இப்போது அக்காவின் கேள்விக்குப் பதில் தெரிகிறது. சோப்பு கொழுப்பை எடுத்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் வெடிப்பிலும் நகக்கண்ணிலும் மிச்சமிருக்கும் உப்பைத் திரும்பவும் வாடையாக மாற்றி வெளியே விடுகிறது. ஒரு கையில் சோப்பு, இன்னொரு கையில் புளித்தண்ணீர் என்று கழுவச் சொல்லிப் பார்த்தோம். சோப்புக் கை ஈரமாக இருக்கும்போது கழுவாத கையை விடவும் தூக்கலாக அடித்தது. அக்காவுக்கே அது தெரிந்தது. "அட, இதத்தான் நான் திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தனா?" என்றார்.

சமையல் சோடாவும் காரம்தான். புளித்த பால் வாடை, வியர்வைக் காலுறை வாடை போன்ற அமில வாடைகளுக்கு அது நல்லது. மீனுக்கு எதிர்வேலை செய்யும். எதற்கெடுத்தாலும் சோடாவைப் போடு என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அதற்காகச் சோப்பே வேண்டாம் என்றால் நடக்காது. சங்கரா போன்ற மீனுக்குப் புளித்தண்ணீர் மட்டும் போதும். காணாங்கெளுத்தி, மத்தி மாதிரி கொழுப்பு மீனென்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு படலமாகக் கையில் படியும். புளி அதற்குள் இறங்காது. அந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடித்து, அதுவே தனி வாடையாகவும் மாறும். அங்கே கல் உப்பும் கடலை மாவும் சேர்த்து உலர்ந்த கையில் தேய்த்து உதிர்த்துவிட்டு, சோப்புப் போட்டு, சோப்பு முழுக்கப் போகும்படி அலசி, கடைசியாகப் புளி. கடைசியில் கையில் படுவது அமிலமாக இருக்க வேண்டும், அப்புறம் வெறும் தண்ணீர். முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருப்பது நல்லது. வெந்நீரில் மீனின் கொழகொழப்பும் ரத்தமும் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

எலுமிச்சைக்குப் பதில் புளிக்கு வந்ததற்கு அந்தப் பழுப்புக் கோடுகள்தான் காரணம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். வெயிலில் தழும்பு விழும் தொல்லை இல்லை. மேலும் மீன் குழம்பு வைக்கிற வீட்டில் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை எப்படியும் மிச்சமிருக்கும், செலவே இல்லை. மீனை உப்பும் புளியும் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும் பழக்கம். மீனுக்குச் செய்வதைக் கைக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சீயக்காயும் நன்றாகவே வேலை செய்தது: அதில் நுரைக்கிற சப்போனினும் இருக்கிறது, கரைசலும் லேசான அமிலம். வெடித்த விரலில் மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

பூண்டு: கழுவித் தீராது

பூண்டு மட்டும் உரித்த நாளின் பாட்டில்களில் புளிக்கை, சோப்புக்கை, தண்ணீர்க்கை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அமிலமும் காரமும் இதைத் தொடுவதில்லை.

முழுப் பல்லை முகர்ந்தால் பூண்டு வாடை அவ்வளவாக இருக்காது. அல்லின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் அல்லினேஸ் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக இருக்கின்றன. நசுங்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. 1944-இல் காவலிட்டோ, பெய்லி என்ற ஆய்வாளர்கள் பூண்டிலிருந்து பிரித்தெடுத்த அந்த அல்லிசின்தான் பிற்பாடு சிதைந்து, கையில் நிற்கும் மற்ற கந்தகப் பொருட்களாகிறது. தோலின் புரதங்களில் கந்தகம் உள்ள இடங்கள் உண்டு. அல்லிசின் அங்கே போய் வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். மேலே படிந்திருக்கிற அழுக்கைக் கழுவலாம். தோலோடு தோலாகச் சேர்ந்ததை எப்படிக் கழுவுவது? ஓரிரு நாளில் தானாகக் குறைய வேண்டும்.

எவர்சில்வர் விஷயத்துக்கு வருகிறேன். இரும்போடு குரோமியம் சேர்ந்த அந்த உலோகம் கந்தகத்தைக் கையிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்று சொல்லி, சோப்பு வடிவத்தில் எவர்சில்வர்க் கட்டி விற்கிறார்கள். வாங்க வேண்டிய அவசியமில்லை, நம் வீட்டில் டம்ளரிலிருந்து சம்படம் வரை அதுதான். ஒரு கையை டம்ளரால் தண்ணீருக்கு அடியில் தேய்க்கவும், இன்னொரு கையை அதே நேரம் வெறும் தண்ணீரில் தேய்க்கவும் வைத்துப் பார்த்ததில், அந்தப் பெண்ணால் இரண்டு பாட்டிலையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓடும் தண்ணீரில் பொறுமையாகத் தேய்த்ததன் பலனைக் கரண்டிக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பது என் கணிப்பு. காபித்தூள் வேறு கதை. அது உரசி எடுப்பது கொஞ்சம், மேலே தன் வாசனையைப் போர்த்துவது நிறைய. காபியும் பூண்டும் கலந்து மணக்கும் பிளவுஸ் யாருக்கு வேண்டும்?

எனவே இங்கே வேலை முழுக்க முன்கூட்டியே. பலாப்பழம் அறுக்கும்போதும் வாழைப்பூ ஆயும்போதும் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம் இல்லையா, பூண்டுக்கும் அதைச் செய்யலாம். கந்தகப் பொருட்கள் எண்ணெயில் நன்றாகக் கரையும். தோலுக்குப் போவதற்குள் எண்ணெய் பிடித்துவைத்துக்கொள்ளும். முடிந்ததும் கடலை மாவால் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுச் சோப்பு. பல்லை நசுக்காமல், தண்ணீரில் ஊறவைத்துத் தோலை மட்டும் வழித்தால் அல்லிசின் பிறப்பதே குறையும். அக்காவுக்கு ஒவ்வாமையும் இருந்ததால் அதுகூட வேண்டாம் என்று ஆயிற்று. உரிப்பது இப்போது வீட்டுக்காரர் வேலை. முதலில் முனகினார். பட்டு பிளவுஸ் தையல் கூலி எவ்வளவு என்று அக்கா நினைவுபடுத்தியதும் உட்கார்ந்துவிட்டார்.

ப்ளீச்சிங் கந்தக வாடையை உடைக்கத்தான் செய்யும். ஆனால் அது தோலின் புரதத்தையும் சேர்த்து உடைத்து குளோரமின்களை உண்டாக்கும். நீச்சல் குளத்து வாடை மாதிரி ஒன்று நாள் முழுக்க விரலில் நிற்பது அதனால்தான். வெடிப்பும் கூடும், வெடிப்பில் மறுநாள் மீன் இன்னும் ஆழமாக இறங்கும். தோலுக்கு அது ஆகவே ஆகாது.

இரும்பு: வாடை உலோகத்துடையது இல்லை

மெஷின் நாள் பாட்டிலுக்குத் திரும்புகிறேன். அக்காவின் மெஷின் பழைய வார்ப்பிரும்பு மெஷின். வலது பக்கச் சக்கரத்தில் கைபடும் இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு பளபளக்கிறது. கத்தரியும் இரும்பு. காலையில் மீன் ஆயும் அருவாமனையும் இரும்பு.

இரும்புக்கு நாம் நினைக்கிற மாதிரி வாசனை கிடையாது. அது ஆவியாகிற பொருளே இல்லை. 2006-இல் டீட்மர் கிளிண்டெமன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வியர்வை இரும்பை அரித்து இரும்பு அயனிகளை எடுக்கிறது. அந்த அயனிகள் தோலில் இருக்கும், ஏற்கெனவே காற்றுப் பட்டு மாறத் தொடங்கிய கொழுப்பை உடைக்கின்றன. அதிலிருந்து வருவதுதான் அந்தக் கம்பி வாடை. அதில் முக்கியமான பொருள் 1-ஆக்டென்-3-ஓன். காளானை நினைவூட்டும் வாடை. அதாவது கம்பியிலிருந்து வருவதாக நாம் நினைப்பது நம் தோலிலிருந்தே வருவது. ரத்தத்தைத் தோலில் தேய்த்தாலும் அதே வாடை வரும் என்று அவர்கள் காட்டினார்கள், ரத்தத்திலும் இரும்புதான்.

இதை அக்காவின் காலையோடு சேர்த்துப் பாருங்கள். எலுமிச்சையைத் தேய்த்து, அரைகுறையாக அலசிவிட்டு, ஈரக்கையோடு கத்தரியைப் பிடிக்கிறார். மிச்சமிருந்த அமிலம் இரும்பைக் கரைக்கிறது, வியர்வை செய்யும் வேலையை இன்னும் வேகமாக. மீனுக்குச் செய்த மருந்து இரும்பு வாடைக்குத் தீனியாகிறது. லேசான கவுச்சியும் கம்பி வாடையும் கலந்தால் வாடிக்கையாளர் மூக்குக்கு அது பழைய ரத்தவாடை போலத்தான் தெரியும். வெறும் கவுச்சியைவிட இதைத்தான் அருவருப்பாக உணர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் செய்தது சின்ன வேலை. மெஷின் சக்கரத்திலும் கத்தரியின் பிடியிலும் பருத்தி நாடாவைச் சுற்றித் தைத்துவிட்டார், தையல்காரருக்கு அது ஐந்து நிமிடம். புளி போட்ட கையை நன்றாக அலசி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவைத்த பிறகே மெஷின். மீன் ஆய எவர்சில்வர் கத்தி வாங்கிக் கொடுத்தார் மகள். அது அப்படியே இருக்கிறது. அருவாமனையில் பழகிய கைக்கு வேறெதுவும் சரிப்படாது.

கயிறு

இவ்வளவும் ஒழுங்காகிய பிறகும் சில நாட்கள் மீன் பாட்டில் சுத்தமாக வரவில்லை. அதுவும் இடது கைத் துணி மட்டும். வலது கை சுத்தம். கழுவும் முறை இரண்டு கைக்கும் ஒன்றுதான்.

இடது மணிக்கட்டில் கோயில் கயிறு இருந்தது. நிறம் மங்கி, முடிச்சு தடித்து, எப்போதும் ஈரமாக. துணி நகரும்போது இடது கைதான் மெஷினில் துணியை ஒட்டித் தள்ளும். கயிறு துணியில் உரசிக்கொண்டே போகும். பார்த்ததும் எனக்குப் புரிந்தது, ஆனால் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த அக்காவே, "இதுவா?" என்று கேட்டுவிட்டு, சாமி படத்தின் முன்னால் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்தார். பாட்டிலில் போட்டு மூடினோம். சாயங்காலம் மகள் மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நூல் தண்ணீரைப் போலவே மீன் கழுவிய தண்ணீரையும் உறிஞ்சும். கையைக் கழுவும்போது யாரும் கயிற்றைப் பிழிந்து அலசுவதில்லை. கழுவிய கையை அது மறுபடி நனைத்துவிடும். அதே கண்ணோடு தேடியதில் இன்னும் சில அகப்பட்டன. தண்ணீர்த் தொட்டி ஓரம் மாட்டியிருந்த கைத்துண்டு: மீன் கையைத் துடைத்ததும் அது, கழுவிய கையைத் துடைத்ததும் அதே. குழாய்த் திருகு: மீன் கையால் திறந்து, சுத்தமான கையால் மூடுவது. மோதிரத்தின் உட்பக்கம். சோப்புப் பெட்டியின் அடியில் தேங்கிய கொழகொழ. நகக்கண்ணுக்குப் பழைய டூத் பிரஷ் ஒன்றைப் புளித்தண்ணீரோடு பயன்படுத்தச் சொன்னேன். கையில் வேறெங்கும் இல்லாத வாடை அங்கே ஒளிந்திருக்கும்.

எந்தச் சோப்பு நல்லது, எந்தச் சாறு நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வழக்கில் பாதிக் குற்றவாளிகள் கையிலேயே இல்லை. கழுவிய கை அடுத்துத் தொட்ட பொருட்களில் இருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாகக் கட்டிய கயிற்றை அக்கா முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார். மோதிரம் காலையில் பூஜை மாடத்துக்குப் போய்விடும். கைத்துண்டு இரண்டாயிற்று, மெஷின் பக்கத்தில் ஒன்று தனியாக. சோப்பு ஒரு முறைக்கு மேல் போடுவதில்லை என்பதால் வெடிப்பு ஆறத் தொடங்கியது. தேங்காய் எண்ணெயை ராத்திரி படுக்கும்போது மட்டும் தடவுகிறார், பகலில் தடவினால் பட்டில் கறை. தோல் ஆறியதும் கழுவுவதும் சுலபமாகிவிட்டது. வெடிப்பில்லாத விரலில் ஒட்டுவதற்கு இடமும் குறைவு.

தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகு மீன் வரத் தொடங்கியதும் காலை வேலையே லேசாயிற்று. ஆனால் கழுவும் முறையை விடவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குத் தைத்த பிளவுஸ்களைக் கொடுப்பதற்கு முன்னால் மகளிடம் முகரக் கொடுத்துவிட்டுத்தான் மடித்தார். எதுவும் திரும்பி வரவில்லை. இந்த வாடையால் முன்பு வருவதை நிறுத்திக்கொண்ட வாடிக்கையாளர் இருவரில் ஒருவர் இன்னும் வரவில்லை.

பிடி கொடுக்காதது சுறாவும் திருக்கையும். அவற்றின் உடம்பில் டிரைமெத்திலமின் ஆக்சைடும் அதிகம், யூரியாவும் அதிகம்; செத்த பிறகு யூரியா உடைந்து அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். அம்மோனியாவுக்கும் புளி கேட்கும் என்றாலும், அளவு அவ்வளவு இருப்பதால் ஒரு கழுவலில் அடங்குவதில்லை. சுறா புட்டு கேட்டு ஆர்டர் வருகிற நாட்களில் அக்கா பட்டைத் தொடுவதில்லை. அன்றைக்குப் பாவாடை, தலையணை உறை, பழைய துணி ஆல்டரேஷன்.